காய்ந்த குச்சிக்குத் தீட்டில்லை

கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும். எதிரே நிற்பவளின் குச்சி நம் குச்சியில் வந்து மோதும்போது, அந்த அடி குச்சியோடு நின்றுவிடாது. விரலுக்கு ஏறி, மணிக்கட்டுக்கு வந்து, முழங்கை வரை ஒரு கூச்சம் போல ஓடும். நம் இரண்டு குச்சிகளை நாமே தட்டிக்கொண்டால் அது வராது. நானே தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எனக்கு அந்தக் கூச்சம் கிடைத்தது கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பேசாமல் விட்டது நிறையக் கிடக்கிறது.

யுத்தம் வருவதற்கு முந்தின காலம். எங்கள் ஊர் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, ஒரு கண்மாயை ஒட்டி இருந்தது. எங்கே நின்று பார்த்தாலும் மலை தெரியும். ஊருக்கும் எங்கள் சேரிக்கும் நடுவே வயல்கள். பள்ளிக்கூடம் ஊருக்குள். நேராகப் போனால் கோயில் தெரு வழியாகப் போகவேண்டும். அந்தத் தெருவில் நாங்கள் நடக்கக்கூடாது. அதனால் கண்மாய்க்கரையில் ஏறிச் சுற்றிப் போய், பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக நுழைவேன். முன்வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால்தான் சர்க்கார் மானியம் தரும் என்று உத்தரவு வந்திருந்ததாம். வாத்தியாரே எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து, அங்கே நின்றபடி கூப்பிட்டார். சில பையன்கள் சேர்ந்தார்கள். அறுவடை வந்ததும் ஒருவன் மாடு மேய்க்கப் போனான், இன்னொருவன் கூலிக்குப் போனான். கடைசியில் நான் மட்டும்தான் மிச்சம். என் அய்யா செங்கல் காளவாசலில் வேலை பார்த்தார். அங்கே எழுத்துத் தெரிந்த ஒருத்தர் மேஸ்திரி ஆகிவிட்டார் என்பதால், எழுத்தின் மேல் அய்யாவுக்கு ஒரு பைத்தியம். "ஆம்பளப் புள்ள இல்லாட்டிப் போகுது, இது படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் ஒரே நீள அறை. ஓடு போட்டது. எனக்கு இடம் பின்சுவரை ஒட்டி, துடைப்பம் வைக்கும் மூலைக்குப் பக்கத்தில். வீட்டிலிருந்து நான் கொண்டுபோன சாக்கில் உட்கார்வேன். எனக்கும் எனக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு வெறும் தரை. அந்தத் தரையில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பாவாடை நுனிகூட அதைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை.

வாத்தியார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னை அவர் அடித்ததே கிடையாது. மற்றப் பிள்ளைகளை முதுகில் சாத்துவார், காதைத் திருகுவார். என்னை அடிக்கப் பிரம்பு என்மேல் படவேண்டுமே. நான் கணக்குப் போட்டால் சிலேட்டை அந்த வெறும் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நிற்பேன். அவர் வந்து குனிந்து பார்ப்பார். சரி என்றால் பிரம்பால் தரையில் ஒரு தட்டு. தப்பு என்றால் இரண்டு தட்டு. வாயால் எதுவும் சொல்லமாட்டார். மற்றப் பிள்ளைகள் "சார், எனக்கு சரியா, எனக்கு சரியா?" என்று அவர் கையைப் பிடித்து இழுப்பார்கள். எனக்குத் தட்டுச் சத்தம்தான் பேச்சு. அதனாலோ என்னவோ, சத்தத்துக்குக் காது வைத்துக் காத்திருக்க நான் சீக்கிரமே பழகிவிட்டேன்.

எந்தப் பொருள் தீட்டைக் கடத்தும், எது கடத்தாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். கல் கடத்தாது. ஆகையால் சிலேட்டு பரவாயில்லை. நூல் கடத்தும், கயிறு கடத்தும், சாக்கு கடத்தும். வெண்கலம் தொட்டால் புளி போட்டு விளக்கிக்கொள்ளலாம். மண்சட்டி தொட்டால் உடைக்கத்தான் வேண்டும். காற்றில் வருகிற எதுவும் கடத்தாது. பலப்பத்தை எனக்குத் தூக்கிப் போட்டால் அது காற்றில் வந்தது, குற்றமில்லை. நான் திருப்பித் தூக்கிப் போட்டால் மட்டும் யாரும் பிடிக்கமாட்டார்கள். அது கீழே விழுந்து, கொஞ்ச நேரம் கிடந்து, பிறகுதான் எடுக்கப்படும். ஈரமாக இருந்தால் எதுவுமே ஆகாது. ஈரம் எல்லாவற்றையும் கடத்தும். மழை நாளில் என் சாக்கு நனைந்திருந்தால் நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றுதான் பாடம் கேட்பேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது கோபமாக இருந்தது என்று சொன்னால் பொய். வெயில் காய்கிறது, மழை பெய்கிறது என்பது மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் எப்போதும் இருந்தது. யாராவது என்னோடு சேர்ந்து எதையாவது செய்யமாட்டார்களா என்று இருக்கும். பாண்டி விளையாட்டை நான் ஒற்றையாகவே ஆடுவேன். கல்லை எறிவதும் நான், தாண்டுவதும் நான், தோற்றால் தோற்றதும் நான்.

நான் நாலாவது படிக்கும்போது, தை மாதம் பொங்கல் கழிந்து மதுரையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பெண்பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று பார்ப்பாராம். வாத்தியார் உடனே கோலாட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். மதுரைக்குப் போய்ப் புதுமண்டபத்துக் கடையில் அரக்குச் சாயம் பூசிய குச்சிகள் வாங்கி வந்தார். சிவப்பும் பச்சையுமாக, முனையில் சின்னக் குமிழ் வைத்து, அத்தனை அழகு. பெரிய பெண்பிள்ளைகளைப் பொறுக்கி ஜோடி ஜோடியாக நிறுத்தினார். என்னைப் பொறுக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பின்சுவரில் சாய்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக முற்றத்தில் அவர்கள் ஆடுவதைப் பார்ப்பேன்.

ஒரு வாரம் போவதற்குள் எண்ணெய்க்கடைக்காரர் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. அவள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அவளுக்கு ஜோடியாக ஆடியவள் மணியக்காரர் மகள். ஊரில் வரி வசூலிக்கிற மணியக்காரர், அவர் வீட்டுப் பெண். ஜோடி இல்லாமல் அவள் மட்டும் தனியாக நின்றாள். வேறு பிள்ளையைச் சேர்க்கலாமென்றால், மிச்சம் இருந்ததெல்லாம் அரிச்சுவடிப் பொடிசுகள். குச்சியைக் கொடுத்தால் ஒன்றை ஒன்று மண்டையில் போட்டுக்கொள்ளும். வாத்தியாரே அவளுக்கு எதிரே நின்று குச்சி தட்டிப் பார்த்தார். அவர் நல்ல உயரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, அவள் குதித்தால் அவரும் குதித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே, என் கையில் இருந்த இரண்டு ஈர்க்குகளால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியார் தப்பாகத் தட்டிய இடத்தில் நான் சரியாகத் தட்டினேன் போலிருக்கிறது. அவர் நின்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடி ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"எல்லா அடியும் தெரியுமா? கடைசிச் சுத்து வரைக்கும்?"

தலையை ஆட்டினேன். இரண்டு பக்கத்து ஆட்டமும் எனக்குத் தெரியும். ஜோடியில் இவள் என்ன செய்வாள், அவள் என்ன செய்வாள் என்பதெல்லாம். தனியாக ஆடிப் பார்க்கிறவளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்துதானே ஆகவேண்டும்.

அன்று சாயங்காலமே வாத்தியார் மணியக்காரர் வீட்டம்மாவை முற்றத்துக்கு அழைத்து வந்து பேசினார். நான் பின்கதவு ஓரம் நின்றுகொண்டிருந்தேன். அந்தம்மா கனத்த உடம்பு, கனத்த குரல். மகளுக்குப் புதுப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தார். ஜோடி இல்லை என்று மகளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் பாவாடை வீணாகப் போகும். அந்தக் கவலை அவருக்கு.

"வாத்தியாரே, குச்சி குச்சியத்தான தொடும்? கை கையத் தொடாதுல்ல?"

"தொடாதும்மா. நல்லாத் தள்ளித்தான் நிப்பாக."

"ஜோடி மாறி மாறி அடிக்கிற ஆட்டம் வேணாம். மத்த வீட்டுக்காரக எதாச்சும் சொல்லுவாக."

"அத எடுத்துட்டேம்மா. ஒங்க மகளும் இவளும் மட்டுந்தேன் ஒரு ஜோடி."

"பச்சக் குச்சியா இருந்துறப் போகுது. பச்ச மரம் கடத்தும். காஞ்ச குச்சிக்குத் தீட்டில்ல, எங்க மாமியா சொல்லுவாக."

"காஞ்சதாத்தேன் கொண்டாரச் சொல்றேன்."

பள்ளிக்கூடத்துச் சாயக்குச்சி எனக்குக் கிடையாது. நான் தொட்டால் பிறகு அதை யார் எடுப்பார்கள்? அம்மை வந்த பிள்ளையின் குச்சியோ அவள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. அதனால் என் குச்சியை நானே கொண்டுவரவேண்டும் என்று வாத்தியார் சொன்னார். நன்றாகக் காய்ந்ததாக.

அந்த வாரக் கடைசியில் காளவாசலிலிருந்து வந்த அய்யாவிடம் ஆத்தா விஷயத்தைச் சொன்னாள். அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"காஞ்ச குச்சி வேணுமாமா? செங்கலையே காய வக்கிறவன்டி நானு. குச்சிய விட்ருவனா?"

"குச்சிய வேகவச்சுக் கரியாக்கிக் கொண்டாந்துறாத" என்றாள் ஆத்தா.

"சும்மா கெட. இந்தப் புள்ளைக்கு எம்புட்டு நீளம்னு பாரு, அளவு எடுக்கணும்."

என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நூல் பிடித்து அளந்துகொண்டு போனார். பூவரசங் கிளையில் நேராக ஒன்றைத் தேடி வெட்டி, இரண்டாக நறுக்கிப் பட்டை சீவி, சூளையின் வெளிச்சுவரில் வாரம் முழுக்கச் சூட்டில் சாத்திவைத்திருந்தாராம். கொண்டுவந்து கையில் கொடுத்தபோது கனமே இல்லை. எலும்பு மாதிரி வெளுத்து இருந்தது. தட்டினால் மரச்சத்தமாகவே இல்லை, வெண்கலத்தில் தட்டின மாதிரி கணீர் என்றது. அய்யா தட்டினார், ஆத்தா தட்டினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கித் தட்டினார்கள். "இனி ஈரம்னு ஒண்ணு இதுல இல்ல. கண்ணீரு விட்டாக்கூட உறிஞ்சிக்கும்" என்று அய்யா பெருமையடித்துக்கொண்டார்.

முதல் நாள் முற்றத்தில் போய் நின்றேன். வெறும் தரை இல்லாமல், வட்டத்தில், மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில். எதிரே மணியக்காரர் மகள். வாத்தியார் பாட்டைத் தொடங்கினார். முதலில் நம் குச்சியை நாமே தட்டவேண்டும், அடுத்து எதிரே இருப்பவளின் குச்சியில். இரண்டு பேருக்கும் பயம். குச்சியை நீட்டினாள், நானும் நீட்டினேன். முனையோடு முனை பட்டதும் படாததுமாக இரண்டு பேரும் இழுத்துக்கொண்டோம்.

"என்ன கொஞ்சுறீங்க? சத்தம் வரட்டும்!" என்று வாத்தியார் அதட்டினார்.

அடுத்த அடி நன்றாக விழுந்தது. கணீர். கூடவே அந்தக் கூச்சம். விரலிலிருந்து முழங்கை வரை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் வலது கையை உதறினாள்.

"ஏ புள்ள, மெதுவாத்தான் அடியேன். கை கூசுதுல்ல?" என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை என்னைப் பார்த்து நேராகப் பேசியது அதுதான் முதல்.

"ஒனக்குமா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பின்ன? ஒன் குச்சிக்குச் சத்தமும் சாஸ்தி, அடியும் சாஸ்தி. எதுல செஞ்சது?"

"பூவரசு. காளவாசல்ல காஞ்சது."

"எங்க குச்சியெல்லாம் கட்ட மாதிரி மொத்து மொத்துங்குது" என்று அவள் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னாள்.

அன்று கண்மாய்க்கரை மேல் நடந்து வீட்டுக்கு வரும்போது ஒரே யோசனை. காய்ந்த குச்சி எதையும் கடத்தாது என்றுதானே சொன்னார்கள்? என் கை அடித்தது அவளுக்குக் கூசுகிறது, அவள் கை அடித்தது எனக்குக் கூசுகிறது. அப்படியானால் இது மட்டும் எப்படிக் கடந்து போகிறது? யாரிடமாவது கேட்டால், ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. ஆத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. மணியக்காரர் மகளும் வீட்டில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. இன்ஸ்பெக்டர் அம்மா வருகிற நாளில் நான் வட்டத்தில் நிற்கவேண்டும். அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் குச்சியைத் தொட்டுப் பார்ப்பேன், பனியில் நமுத்திருக்கிறதா என்று. ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படுப்பேன். ஆத்தா சிரிப்பாள், "குச்சியா, கைப்புள்ளையா இது?" என்று. ஆட்டம் முடிந்ததும் மணியக்காரர் மகள் மற்றப் பிள்ளைகளோடு தோளில் கை போட்டுக்கொண்டு போய்விடுவாள். நான் என் சாக்குக்குத் திரும்பிவிடுவேன். ஆட்டத்துக்கு வெளியே அவள் என்னோடு பேசியதில்லை. ஆனாலும் மறுநாள் ஆட்டம் இருக்கிறதே என்று இருக்கும்.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மலை பாதிதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மாவிலை கட்டி, முற்றத்தில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஆத்தா என் தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, துவைத்த பாவாடையைக் கட்டிவிட்டிருந்தாள். நான் குச்சியைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

மணியக்காரர் வீட்டம்மா செம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"வாத்தியாரே, குச்சி காஞ்சதுதேன். இருந்தாலும் நல்ல நாளு, பெரிய மனுஷி வாராக. எதுக்கும் இருக்கட்டும்னு மஞ்சத்தண்ணி கொண்டாந்தேன். ஒரு தடவ தெளிச்சிருவோம், மனசுக்குத் திருப்தி."

"தெளிங்கம்மா" என்றார் வாத்தியார். அவர் மேஜை விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லை.

நான் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். அந்தம்மா தெளித்தார். மாவிலையால் தெளித்துப் பார்த்துவிட்டு, போதாதென்று செம்பையே சாய்த்தார். சாயக்குச்சி என்றால் அரக்கு மேல் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். என் குச்சி அரக்கில்லாத வெறும் மரம். காளவாசலில் காய்ந்த மரம். அத்தனை தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது.

"இந்தா, எடுத்துக்க" என்றார்.

நான் குனிந்தேன். கை குச்சிக்குப் போகுமுன், "இரு, இரு, இரு!" என்று கத்தினார்.

வாத்தியார் ஓடிவந்தார். "என்னம்மா?"

"ஈரமாயிருச்சே, வாத்தியாரே!"

"தண்ணி தெளிச்சா ஈரமாத்தானம்மா இருக்கும்."

"ஈரக் குச்சி கடத்தும்ல?"

வாத்தியார் அந்தம்மாவைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். "மஞ்சத்தண்ணிதானம்மா? சுத்தந்தானே?"

"தண்ணி சுத்தந்தேன். அவ கையில புடிச்சா, அந்த ஈரத்து வழியா ஏறி இவ குச்சிக்கு வராதா? நான் பாவி, நல்லது நெனச்சுல்ல செஞ்சேன்!" அந்தம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது நிச்சயம்.

"துணிய வச்சுத் தொடச்சா என்னம்மா?" என்றாள் மகள்.

"யாரு துணியில தொடைக்கிறது?"

என் துணியில் துடைத்தால் என் துணி. அவர்கள் துணியைக் கொடுத்தால் பிறகு அந்தத் துணியை என்ன செய்வது? வெயிலில் வைக்கலாம் என்றார் வாத்தியார். என்னைவிட்டே குச்சிகளைக் கைப்பிடிச் சுவரில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம். வாத்தியார், அந்தம்மா, பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளைகள், நான். மேகம் அசையவில்லை. என் வாழ்நாளில் வெயிலுக்காக அப்படி நான் வேண்டிக்கொண்டது கிடையாது.

அதற்குள் ஜட்கா வண்டியின் சலங்கைச் சத்தம் தெருவில் கேட்டது. வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. என் பக்கம் வந்தார். ஒரு ஆள் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீ பின்னால போயிரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு தட்டு. இவ தட்டும்போது நீயும் தட்டணும், புரியுதா? ஒரு அடி கொறஞ்சாலும் ஆட்டம் நொண்டும். சத்தம் வந்தாப் போதும்."

சத்தம் காற்றில் வருவது. அதற்குத் தீட்டில்லை.

நான் குச்சிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு வாகை மரமும், சாம்பல் கொட்டுகிற குழியும், பள்ளிக்கூடத்துக் கீரைப்பாத்தியும் இருந்தன. ஜன்னல் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எட்டாத உயரம். எதுவும் தெரியாது. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா ஏதோ கேட்டார், யாரோ வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பிறகு எல்லாரும் முற்றத்துக்குப் போகிற கொலுசுச் சத்தம். வாத்தியாரின் பாட்டு தொடங்கியது.

நான் தட்டினேன். சும்மா நின்றுகொண்டு தட்ட எனக்கு வரவில்லை. கால் அதுவாகவே போனது. குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, எதிரே நீட்டி, எல்லா அடியும் ஆடினேன். எதிரே நீட்டுகிற இடத்தில் குச்சி காற்றில் நிற்கும். உடனே திருப்பி என் இன்னொரு குச்சியில் தட்டிக்கொள்வேன், சத்தத்துக்காக. சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் அதே நேரத்தில் வெறும் இடத்தை நோக்கிக் குச்சியை நீட்டிக்கொண்டிருப்பாள். அதை நினைத்துக்கொண்டேன். முதலில் என் குச்சி ஈரத்தில் மொத்து மொத்தென்றது. ஆட ஆட, கைச்சூட்டிலும் காற்றிலும், சத்தம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கடைசிச் சுற்றில் பழையபடி கணீர் என்றது. ஆட்டம் முடிந்தபோது குச்சி காய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

நான் மூச்சு வாங்கியபடி வாகை மரத்தடியில் நின்றேன். ஷூ சத்தம் கேட்டது. கீரைப்பாத்தியைப் பார்ப்பதற்காக இன்ஸ்பெக்டர் அம்மா பின்பக்கம் வந்துவிட்டார். கண்ணாடி போட்டிருந்தார். பின்னாலேயே வாத்தியார். அவர் பின்னால் பிள்ளைகள். தூரத்தில் மணியக்காரர் வீட்டம்மா.

"நீ யாரும்மா? ஏன் இங்க நிக்கிற?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் குச்சிகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இவளும் நம்ம பள்ளிக்கூடந்தாங்க. அந்தத் தெருப் பிள்ளை. ரிஜிஸ்தர்ல இருக்கு" என்றார் வாத்தியார்.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார். "கோலாட்டக் குச்சி வச்சிருக்கியே. உன் ஜோடி எங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மணியக்காரர் மகள் பட்டுப் பாவாடையில் முன்வரிசையில் நின்றிருந்தாள். அவள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "அவ குச்சி நனைஞ்சு போச்சு" என்றாள்.

"நனைஞ்சா என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

மரத்தில் ஒரு காக்கை கத்தியது. அந்த அம்மா கை நீட்டி என் குச்சி ஒன்றை வாங்கினார். தடவிப் பார்த்தார். "காஞ்சுதானே இருக்கு?" என்றார். வாத்தியாரைக் கண்ணாடிக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. குச்சியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது.

"அடுத்த வருஷம் இந்தப் பிள்ளையும் எல்லாரோடயும் வட்டத்துல ஆடணும். நான் வந்து பார்ப்பேன்."

"ஆகட்டும்மா, ஆகட்டும்மா" என்றார் வாத்தியார்.

வண்டி போனபிறகு பிள்ளைகள் சாயக்குச்சிகளை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் கண்மாய்க்கரைக்குத் திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து, "ஏ புள்ள" என்று ஒரு குரல். அவள்தான். தள்ளி நின்றாள்.

"ரெண்டாவது சுத்துல நீ முந்திட்ட" என்றாள்.

இல்லை, நீதான் பிந்தினாய் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் இல்லையென்று சண்டைக்கு வந்திருப்பாள். நானும் விட்டிருக்கமாட்டேன். கொஞ்ச தூரம் சண்டை போட்டுக்கொண்டே நடந்திருப்போம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

வாரக் கடைசியில் அய்யா வந்ததும் வாசலிலேயே கேட்டார், "குச்சி எப்படிப் பேசுச்சு?"

"நல்லாப் பேசுச்சுய்யா. இன்ஸ்பெக்டரம்மா கையில வாங்கிப் பாத்தாக."

அய்யா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கூரை இடுக்கில் குச்சிகளைச் செருகி வைத்தோம். அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது வீட்டில் விறகெல்லாம் நனைந்துவிட்டது. ஆத்தா நெடுநேரம் அடுப்பை ஊதிப் பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு எழுந்து, கூரையிலிருந்து அந்தக் குச்சிகளை உருவினாள். என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். பசி. ஒரே ஊதலில் பிடித்துக்கொண்டது. அத்தனை காய்ந்த மரம்.

மறுவருஷம் தையில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னபடியே வந்தார். வாத்தியாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த வருஷம் கோலாட்டம் இல்லை, கும்மி. அதற்குக் குச்சி வேண்டாம். ஜோடியும் வேண்டாம். அவரவர் கையை அவரவர் தட்டிக்கொள்ளலாம். மணியக்காரர் வீட்டம்மாவுக்கும் சந்தோஷம், எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம். என்னை வட்டத்திலேயே சேர்த்தார்கள். எனக்கு முன்னாலும் பின்னாலும் மட்டும் கொஞ்சம் இடம் கூட விட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மணியக்காரர் மகள் எனக்கு நேர் எதிரே, வட்டத்தின் அந்தப் பக்கம் வந்தாள். நான் நகர அவளும் நகர்ந்தாள். எப்போதும் அதே தூரம்.

இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். "இப்படித்தான் இருக்கணும்" என்று வாத்தியாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் ஓங்கி ஓங்கித் தட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது உள்ளங்கை இரண்டும் சிவந்து காந்திக்கொண்டிருந்தன. வாய்க்கால் தண்ணீரில் கையை விட்டு உட்கார்ந்திருந்தேன். காந்தல்தான் இருந்தது. அந்தக் கூச்சம் இல்லை.